பிசிறக்காவின் வெட்சி

"அசையாதீங்க" என்ற குரல் காதில் விழும்போதே காரியம் முடிந்திருக்கும். உங்கள் சட்டைக்கையிலோ பாவாடை ஓரத்திலோ தொங்கிக்கொண்டிருந்த நூல் இப்போது அவளுடைய இரண்டு விரல்களுக்கு நடுவே இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிற குட்டிக் கத்தரி, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் மறுபடி நெஞ்சில் படுத்திருக்கும். வெட்டிய நூலை அவள் கீழே போடமாட்டாள். சுருட்டி இடுப்புப் பைக்குள் போட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து, ஆள் யார் என்று பார்த்து, "ஓ, நீங்களா? உடம்பு பரவாயில்லையா?" என்று விசாரிப்பாள்.

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் பிசிறக்கா. அவளைவிட மூத்த என்னைப் போன்றவர்களுக்கும் அக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்டால் அவளே சற்று யோசித்துத்தான் சொல்வாள். கல்யாணக் காரை நடுத்தெருவில் நிறுத்தி, மாப்பிள்ளையின் கோட்டுக் காலரில் பிசிறு வெட்டி அனுப்பியவள். ஒருமுறை எங்கள் தெருவில் புகுந்த திருடனை ஊரே துரத்தியது. பிடித்தது இவள் ஒருத்திதான். பிடித்து, அவன் சட்டைப் பையோரத்தில் தொங்கிய நூலை வெட்டிவிட்டு, "ம், இப்ப ஓடு" என்று விட்டுவிட்டாள். இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் பார்த்தவர்களைவிட நன்றாகச் சொல்வேன்.

தொழில் தையல். வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடை, ஆஸ்பத்திரி ஊழியர்களின் நீலச் சட்டை, மெலிந்துவிடுவோம் என்று நம்பி வாங்கியவர்களின் துணியைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுப்பது, இவைதான் வருகிற வேலை. சன்னலோரம் மிஷின். மிஷினுக்கு எண்ணெய் விடும் குப்பியின் மூக்கில்கூட எண்ணெய் துளித்து நிற்காது. வெட்டுத்துணிகள் நிறம்வாரியாகப் பிரிந்து தனித்தனி டப்பாக்களில் கிடக்கும். தரையில் ஒரு நூலைத் தேடி எடுத்துக் கொடுத்தால் அவள் உங்களுக்கு இலவசமாகச் சட்டை தைத்துத் தருவாள். இன்றுவரை யாரும் வாங்கியதில்லை. மழைகூட அவள் முற்றத்தில் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டுதான் பெய்யும் என்பார்கள். என்பார்கள் என்றால், என்பேன்.

வேலை செய்யும்போது வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பாள். பேசுவதும் அந்த வாயாலேயேதான். அதனால் அவள் கொஞ்சுவதும் அதட்டுவதும் ஒரே மாதிரி, பல்லுக்கிடையில் நசுங்கித்தான் வெளியே வரும். நீங்கள் எதையாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால், "சரி, முடிச்சுப் போடுங்க" என்பாள். சொன்னது சாவுச் செய்தியாக இருந்தாலும் அப்படித்தான்.

இவ்வளவு நேர்த்தியான வீட்டின் வாசலில், வெளிக்கதவை ஒட்டி, ஒரு வெட்சிச் செடி நிற்கிறது. பண்ணையில் காசு கொடுத்து வாங்கிய சீமைச்செடி என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு வெளியே கல்குவாரிக்குப் போகிற பாதையில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், லாரிப் புழுதியைத் தலையில் கொட்டிக்கொண்டு, ஆடு கடித்த மிச்சத்தில் கொத்துக் கொத்தாகச் சிவந்து கிடக்கிறதே, அதே வெட்சிதான். அங்கே கேட்பாரில்லாமல் பூக்கிறது. இங்கே அதற்கு நடந்த உபசாரம் ஒரு ராணிக்கும் நடந்திருக்காது. நட்ட நாளிலிருந்து ஒரு பூ பூத்ததில்லை.

உபசாரம் என்று சும்மா சொல்லவில்லை. சுவரோரத்து மண்ணில் சுண்ணாம்பு ஏறி, இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தபோது, அடிமண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, கரட்டுச் செம்மண்ணைத் தலையில் சுமந்து வந்து போட்டாள். சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிவிடாதபடி செங்கல்லை அடுக்கி வரப்புக் கட்டினாள். வடிகட்டிய தேயிலைச் சக்கை முழுவதும் செடிக்குத்தான். எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி வந்திருக்கிறதென்று அர்த்தம்; உடனே பழைய பல்துலக்கியை எடுத்துக்கொண்டு தண்டுக்குத் தண்டு தேய்ப்பாள். இலையில் கரி படிந்தால், ஈரத்துணியால் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். கோடையில் வேர் காயாதிருக்கப் பருத்தி வெட்டுத்துணிகளைக் காலடியில் பரப்பி வைப்பாள். அவற்றையும் நிறம் பார்த்துத்தான்.

எல்லாம் முடிந்தபின், கழுத்துக் கத்தரியை எடுப்பாள்.

தளிர் ஒன்று தலை தூக்கியிருக்கும். சிவப்பும் பச்சையுமாக, பளபளவென்று, மற்றவற்றைவிட ஒரு விரற்கடை நீளமாக. க்ளிக். அடுத்தது. க்ளிக். இஞ்சு டேப்பைச் செடியின் இடுப்பில் சுற்றி, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பாள். ஒரு நாளும் தவறியதில்லை. செடி உருண்டையாக, வழவழவென்று, ஊசி குத்தி வைக்கிற பஞ்சு உருண்டைபோல நிற்கும். ஊசி மட்டும்தான் குறை.

எதிரில் நூலும் பட்டனும் விற்கிற கடை. கடைக்காரருக்குப் பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். அவர் சும்மா இருக்கமாட்டார்.

"அக்கா, வெட்சி நுனியிலதான் பூக்கும். நுனியை நீங்க விட்டாத்தானே?"

"நுனியில பூக்கணும்னா நுனி ஒழுங்கா இருக்க வேணாமா? இதெல்லாம் கண்டபடி நீட்டிக்கிட்டிருந்தா அது எங்கேன்னு பூக்கும்?"

"கல்குவாரிப் பாதையில யாரு வெட்டிவிடுறா?"

"அதான் புதரா கிடக்கு."

"புதராக் கிடந்தாலும் பூத்துக் கிடக்கே!"

"நீங்க முதல்ல உங்க மூணாவது பட்டனைத் தைச்சுப் போடுங்க. ஊருக்கே பட்டன் விக்கிறீங்க" என்பாள். அவர் குனிந்து தொப்பையைப் பார்த்துக்கொள்வார். பேச்சு அத்தோடு சரி. இதே பேச்சு, இதே பட்டன், எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். என்னை அவள் பார்த்த பார்வையில், என் முந்தானையில் பிசிறு இருக்கிறதோ என்று நானே தேட ஆரம்பித்துவிட்டேன்.

சிரிக்கிற விஷயந்தான். ஆனால் அந்தச் செடி பூப்பதில் அவளுக்கு இருந்த அவசரம் தெருவில் எங்களுக்கெல்லாம் தெரியும். அதனால் ரொம்பச் சிரிக்கவும் முடிந்ததில்லை.

அவளுக்கு ஒரு மகள். தெருவே பாப்பா என்று கூப்பிட்டு வளர்த்த பெண். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். பாப்பா வளர்ந்ததெல்லாம் மிஷின் சத்தத்தில், கத்தரி நிழலில். நெற்றியில் முடி விழுந்தால் க்ளிக். ஒரு சிநேகிதி அடிக்கடி வந்தால், "அந்தப் பொண்ணு பேச்சு நீளம், வேணாம்" என்று ஒரு க்ளிக். பாப்பா பாடிக்கொண்டே வந்தால், "ராகத்தை வாசலோட விட்டுட்டு வா" என்று இன்னொன்று. எதையும் கோபத்தில் செய்யமாட்டாள். அடித்ததில்லை, திட்டியதில்லை. வெட்டி, மடித்து, தேய்த்து, நல்லபடியாக வைத்திருப்பாள், அவ்வளவுதான்.

இந்த வெட்சியும் பாப்பா கொண்டுவந்ததுதான். கல்குவாரிப் பாதையில் ஒரு குச்சியை ஒடித்துவந்து, மிஷின் எண்ணெய் டின்னில் நட்டு, வேர் பிடித்தபின் வாசலில் வைத்தாள். "இதை மட்டும் தொடாதம்மா" என்று கேட்டுக்கொண்டாள். குச்சியாக இருந்தவரை தொடவில்லை. தளிர் விட்ட அன்றைக்குத் தொட்டாள்.

பாப்பாவுக்கு விரலில் ஒரு வித்தை இருந்தது. துணியின் ஓரத்து நூலை உருவி உருவி எடுத்து, இழைகளைக் கூட்டிச் சேர்த்து முடிச்சிட்டு, முடிச்சுக்குக் கீழே குஞ்சமாகச் சிதறவிடுவாள். மயில் தலையில் கொண்டை நிற்குமே, அந்தமாதிரி. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் வேலை கேட்டிருக்கிறாள். "ஒரு சால்வை செஞ்சு எடுத்துட்டு வா. பிடிச்சா உனக்குத் தனியா ஒரு மேசையே போட்டுத் தரேன்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியாமல், சிநேகிதி வீட்டில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் ஒரே ஒரு சால்வையைச் செய்தாள். நான் தொட்டுப் பார்த்தேன். பொய் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை: அந்தக் குஞ்சத்தில் கை வைத்தால், தண்ணீரில் கை வைத்தாற்போல் இருக்கும்.

கொண்டுபோகிற அன்று காலையில், முன்னறை மேசையில் அதைப் பரப்பி வைத்துவிட்டு, சுற்றிக் கட்ட நல்ல காகிதம் வாங்கிவர எதிர்க் கடைக்குப் போனாள். கடைக்காரர் தன் வழக்கப்படி கொஞ்சம் பேசிவிட்டார். பாப்பா திரும்பிவந்தபோது, சால்வை நான்காக மடித்து, தேய்த்து, சூடு ஆறாமல் இருந்தது. ஓரம் சுத்தமாக மடித்து அடிக்கப்பட்டிருந்தது. ஒரு இழை நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நான் சீருடை அளவு கொடுக்கப் பேரனோடு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தேன்.

"அவ்வளவு பெரிய கடைக்குப் போறே. ரெண்டு ஓரமும் பிசிறா தொங்கிச்சுடி. யாரு பொண்ணுன்னு கேட்டா என்ன சொல்லுவே? இப்ப பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு" என்றாள் பிசிறக்கா, குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பாப்பா சால்வையைப் பிரித்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவிக்கொண்டு போனாள்.

"அம்மா… அது பிசிறு இல்லம்மா. அதுதாம்மா வேலையே."

"பிசிறு பிசிறுதான். நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது."

பாப்பா அழவில்லை. அழுதிருந்தால் அதையும் அம்மா துடைத்திருப்பாள். உள்ளே போனாள், ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளிக்கதவில் நின்று, பக்கத்தில் உருண்டையாக நின்ற செடியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இந்தச் செடி என்னிக்குப் பூக்குதோ, அன்னிக்கு வரேம்மா."

அவள் சொன்னதன் கசப்பு எனக்கு உடனே உறைத்தது. எதிர்க் கடைக்காரருக்குக்கூடப் புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார், அதுவே பெரிய அதிசயம். புரியாதவள் ஒருத்திதான். அவள் அதை வாடிக்கையாளர் சொல்லிவிட்டுப் போன ஆர்டர்போல எடுத்துக்கொண்டாள். செடி பூத்தால் மகள் வருவாள். பூக்க வைக்கவேண்டியது தன் வேலை. வேலையில் அவள் என்றைக்காவது குறை வைத்திருக்கிறாளா?

மறுநாளே செம்மண் சுமக்கக் கிளம்பிவிட்டாள்.

ஆண்டுகள் போயின. பாப்பா வேறு ஊரில் திரைச்சீலை தைக்கிற இடத்தில் சேர்ந்தாள், பிறகு சொந்தமாகக் குஞ்ச வேலை தொடங்கினாள் என்று செய்தி வரும். அவளுக்கு நூல் அனுப்புவது எங்கள் பட்டன் கடைக்காரர்தான். பார்சல் கட்டுகிற நாளில், பிசிறக்கா தற்செயலாக வந்ததுபோல் கடைக்கு வருவாள். "என்ன கலர் போகுது?" என்பாள். சொல்வார். "ம்" என்பாள். வீட்டுக்குப் போவாள். தண்ணீர் ஊற்றுவாள், துடைப்பாள், தேய்ப்பாள். கத்தரியை எடுப்பாள்.

போன மழைக்கு முன்னால்தான் அந்த விபத்து. பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவளுக்கு, பஸ் ஏறிக்கொண்டிருந்த ஓர் ஆளின் முதுகில் நூல் தெரிந்திருக்கிறது. சாதாரண நூல் இல்லையாம், பஸ்ஸின் பின்சக்கரம்வரை தொங்கியதாம். "அசையாதீங்க" என்று பின்னாலேயே படியில் ஏறியிருக்கிறாள். ஆள் அசையவில்லை. பஸ் அசைந்துவிட்டது. இவள் படியிலிருந்து விழுந்து, வலது கை மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போய்விட்டன. தோள்வரை மாவுக்கட்டு. கட்டுப் போடும்போதுகூட, டாக்டரின் கோட்டுப் பையை இடக்கையால் காட்டி, "அங்கே ஒரு பிசிறு" என்றாளாம். இது டாக்டரே சொன்னது. டாக்டரை நான் பார்த்ததில்லை.

இடக்கையால் வெட்டப் பார்த்தாள். வலக்கைக்குப் பழகிய கத்தரி இடக்கையில் வெட்டாது, மெல்லும். செடியின் நுனியை மென்று துப்பியது. மனம் பொறுக்காமல் விட்டுவிட்டாள். போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டாள். "கொஞ்சம் வெட்டிவிட்டுப் போங்களேன்." கடைக்காரருக்கு அன்றிலிருந்து முதுகுவலி. எனக்குக் கண்பார்வை மங்கிப்போனது. தெருவில் யாருக்கும் கத்தரி பிடிக்கத் தெரியாமல் போய்விட்டது. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டதில்லை.

மழை பிடித்தது. செடி நீட்டியது பாருங்கள்! இத்தனை நாள் வாயை அமுக்கி வைத்திருந்த பிள்ளை பேச ஆரம்பித்ததுபோல, மேலே, பக்கவாட்டில், சுவரைத் தாண்டி, கதவின் தாழ்ப்பாளுக்குள்ளே. கட்டுப்போட்ட கையோடு அவள் சன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்ப்பாள். "கண்ணெல்லாம் கூசுது. தலைவாராத பொண்ணை வாசல்ல நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். சன்னலுக்குத் திரை போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் என்னை அவசரமாகக் கூப்பிட்டாள். போனேன்.

"செடிக்கு நோய் வந்துடுச்சு. நுனியெல்லாம் குண்டூசி குண்டூசியா முளைக்குது பாருங்க."

பார்த்தேன். தையற்காரிக்கு வேறு எப்படித் தெரியும்? ஒவ்வொரு நுனியிலும் ஒரு கொத்து. மெல்லிய காம்பு, மேலே சிவந்த கூர்முனை. பெட்டியைத் திறந்து கவிழ்த்தாற்போல அத்தனை குண்டூசி.

"அடி அசடே, மொட்டுடி அது" என்றேன்.

அவளுடைய இடக்கை தானாகக் கழுத்துக் கத்தரியைத் தேடிப் போயிற்று. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஏதோ ஓடிவிடப் போவதுபோல.

ஊசிகள் வெடித்து நான்கு நான்கு இதழாகப் பிரிந்தன. வாசலே சிவந்துவிட்டது. மறுநாள் பிசிறக்கா எதிர்க் கடைக்குப் போய், தனக்குத் தேவையில்லாத ஒரு ஊசிப் பாக்கெட்டை வாங்கினாள். சில்லறையை வாங்கிக்கொண்டும் நின்றாள்.

"உங்க போன்ல படம் புடிக்குமா?"

"நல்லாப் புடிக்குமேக்கா! உங்களையும் சேர்த்துப் புடிச்சிடவா?"

"என்னை எதுக்கு? பூவை மட்டும் புடிங்க."

படம் போன அன்றைக்கே பதில் வந்தது. மாவுக்கட்டு அவிழ்ந்த வாரத்தில் பாப்பா வந்தாள். வருவதற்குள் எங்கள் கடைக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார்: கத்தரியைச் சாணை பிடித்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டுபோய், சாணைக்காரன் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டார். கழுத்தில் வெறும் கறுப்புக் கயிறு மட்டும் தொங்கியது.

அன்றைக்குப் பார்த்து எனக்கும் ஒரு சட்டையின் கை நீளமாகிவிட்டது. எடுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

பாப்பா தொளதொளவென்று ஒரு சட்டை போட்டிருந்தாள். முகம் முற்றியிருந்தது. சட்டையின் இடது கை ஓரத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் பிடிக்கிற அவசரத்தில் பார்க்கவில்லையோ என்னவோ. வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தாள் என்பது என் கட்சி.

பிசிறக்கா அந்த நூலைப் பார்த்தாள். அதை நான் பார்த்தேன். மெலிந்து வெளுத்திருந்த வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வாயில் குண்டூசி இல்லை. வெறும் வாயோடு அவளைப் பார்த்தது எனக்கே புதிதாக இருந்தது.

"இளைச்சிட்டியேடி."

"நீயுந்தாம்மா."

"சாப்பிடுறியா?"

"வர்ற வழியில சாப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் மிஷின் பேசட்டும் என்று இருவரும் காத்திருந்ததுபோல் இருந்தது. மிஷின் பேசவில்லை. பாப்பாதான் சன்னல் பக்கம் திரும்பினாள். அவள் முகம் இளகியது. சின்ன வயதில் பாடிக்கொண்டு வருவாளே, அந்த முகம் எட்டிப் பார்த்தது.

"படத்தைப் பார்த்துட்டு நான் நம்பவே இல்லம்மா. எங்க ஆளுங்ககிட்டயெல்லாம் காட்டினேன். எங்கம்மா விட்டிருக்காங்க பாருங்கன்னு." அம்மா பக்கம் திரும்பினாள். "எப்படிம்மா மனசு வந்துச்சு உனக்கு?"

நான் பிசிறக்காவின் காலை மிதித்தேன். வேண்டுமென்றேதான் மிதித்தேன். பொய் சொல்வதில் எனக்கிருக்கும் பழக்கத்தில் பாதியாவது அவளுக்கு இருந்திருக்கக்கூடாதா? அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"மனசெங்கே வந்துச்சு? கை உடைஞ்சு கெடந்தேன்டி. கட்டை இப்பத்தான் அவுத்தாங்க. நாதியத்துப்போய் இப்படிப் புதரா வளர்ந்துடுச்சு. நீ வர்றப்போ இந்த அலங்கோலத்தையா பார்க்கணும்? கை மட்டும் நல்லா இருந்திருந்தா, எவ்வளவு அழகா வெட்டி வெச்சிருப்பேன் தெரியுமா?"

பாப்பா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். தொடைக்கு அடியில் இருந்த கையைப் பார்த்தாள். இளகிய முகம், தேய்ப்புப் பெட்டி வைத்தாற்போல் மடிப்பில்லாமல் ஆயிற்று. அந்த நேரம் பார்க்க அவள் அம்மாவைப் போலவே இருந்தாள்.

"கை உடைஞ்சதை யாரும் சொல்லலையே."

"பூவைத்தானே நீ கேட்டே."

"வலிக்குதாம்மா?"

"மழைன்னா இழுக்கும். வேற ஒண்ணுமில்ல."

பாப்பா எழுந்து சமையற்கட்டுக்குப் போய், அம்மாவுக்கு ஒரு தம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். தான் குடிக்கவில்லை. கையில் தடவ ஏதோ தைலம் பெயர் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். இரவு தங்க எடுத்துவந்திருந்த பை மூலையில் இருந்தது. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பெரியம்மா, வரேன்" என்று என் கையைப் பிடித்தாள். பிடித்த கை சில்லென்றிருந்தது.

வெளிக்கதவுவரை அம்மாவும் போனாள். பின்னாலேயே நானும் போனேன், சட்டையை மடித்துக்கொண்டே. கதவு முழுக்கப் பூ. பாப்பா ஒரு கொத்தை விலக்கித்தான் தாழ்ப்பாளைத் திறக்க முடிந்தது.

"அடுத்து எப்ப வருவே?" என்றாள் பிசிறக்கா.

"பார்க்கலாம்மா."

பிசிறக்காவின் வலது கை மேலே எழுந்தது. நன்றாக நீட்ட வராத கை. மகளின் கன்னத்துக்கு நேராகத்தான் போனது. பாப்பா சட்டென்று ஓரடி பின்னால் போனாள். நூல் தொங்கிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு திரும்பி நடந்தாள்.

பிசிறக்கா தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தரத்தில் நின்ற கை மெல்லக் கீழே இறங்கியது. கழுத்துக் கயிற்றைத் தொட்டது, அங்கே ஒன்றும் இல்லை. இன்னும் இறங்கிச் செடிமேல் விழுந்தது. கண்ணைத் தெருமுனையிலிருந்து எடுக்காமலே, பெருவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, குண்டூசி போல முளைத்திருந்த ஒரு நுனியைப் பிடித்துக் கிள்ளினாள். கிள்ளியதைக் கீழே போடவில்லை. இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த நுனியைத் தேடினாள்.